பல்லக்கா அடைத்த ஜன்னல்கள்

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஓட்டுப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவள் பல்லக்காதான். டவுனில் பல் டாக்டரம்மாவிடம் உதவிக்கு இருக்கிறாள். டாக்டரம்மா பல்லைப் பிடுங்கும்போது இவள் தலைமாட்டில் நின்று, "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்பாள். முடிந்திருக்காது. ஆனாலும் இவள் சொன்னால் நாற்காலியில் கிடக்கிறவருக்குப் போன உயிரில் பாதி திரும்பி வரும்.

அவள் புருஷன், எங்கள் அத்தான், படகு ஓட்டுகிறவர். ஓட்டும்போது சுக்கானை விட்டுக் கையை எடுக்க மாட்டார், மூக்கு அரித்தாலும் தோளில் தேய்த்துக்கொள்வார். அதனால் அவருக்குச் சுக்கான் என்றே பெயராகிவிட்டது. ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் அகண்டு கிடக்கிறது. இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் டவுன். நடுவில் பாலம் கிடையாது. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, எதற்கானாலும் அத்தானின் படகுதான். நான் டவுன் பள்ளியில் டீச்சர். அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். நடந்ததில் பாதியைப் படகில் உட்கார்ந்தும் மீதியை அவர்கள் சமையலறையில் உட்கார்ந்தும் பார்த்தவள் நான்.

படகு நல்ல படகு. இன்ஜின் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. இரண்டு பக்கமும் நீள பெஞ்சுகள், பெஞ்சுக்குப் பின்னால் வரிசையாக ஜன்னல்கள். ஜன்னலில் இருப்பது கண்ணாடி மாதிரி தெரியும் தடித்த அக்ரிலிக் பலகை. அதைச் சுற்றி அலுமினியச் சட்டம். சட்டத்தை ஸ்க்ரூ போட்டுப் படகின் சுவரில் பூட்டியிருக்கும். வெயில் காலத்தில் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. மழை பிடித்ததோ, அந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றும் குழாய்தான்.

ஆட்கள் அதற்குப் பழகிப் போயிருந்தார்கள். காய்கறிக்காரம்மா கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொள்வார். தபால்காரர் பையை மடியில் வைத்து அதன்மேல் குப்புறப் படுத்துவிடுவார். படகுக்குள் குடையை விரித்து, பக்கத்து ஆளின் கண்ணைக் குத்தி, அதில் ஒரு சண்டை. யாராவது முணுமுணுத்தால் அத்தான் திரும்பாமலே சொல்வார்:

"படகுன்னா தண்ணி இல்லாம இருக்குமா? கீழ இருந்து வரலைல்ல, அதுக்கு சந்தோஷப்படுங்க."

அவரும் சும்மா இருந்தவர் இல்லை. மழைக் காலம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் ஒரு சிலிக்கான் டியூபை வாங்கி வந்து, ஜன்னல்களைச் சுற்றி வெளிப்பக்கமாகப் பிதுக்கி, விரலால் தடவி விடுவார். போன வருஷத்ததன் மேல் இந்த வருஷத்தது. பிறந்தநாள் கேக்குக்கு ஓரம் கட்டியது போல வெள்ளை வெள்ளையாக மொத்தித் தெரியும். ஒரு மழை தாங்கும். அடுத்த மழைக்கு மறுபடி குடை.

அப்படியே காலம் ஓடியிருக்கும். எங்கள் ஊர்த் தச்சரின் மகளுக்கு ஒரு மழையில் பிரசவ வலி எடுக்காமல் இருந்திருந்தால்.

மத்தியானம். அக்கா சாப்பிட வந்துவிட்டு மறுபடி டவுனுக்குக் கிளம்பியிருந்தாள். எனக்கு அன்றைக்குப் பள்ளி அரை நாள், மருந்து வாங்க வேண்டியிருந்ததால் கூடப் போனேன். தச்சரும் மருமகனும் அந்தப் பெண்ணை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். இடது பெஞ்சில் படுக்க வைத்தோம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எதிர்க்கரை தெரியவில்லை. அத்தான் நிதானமாகத்தான் ஓட்ட முடிந்தது.

ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தண்ணீர் நேராக அவள் நெற்றியில் விழுந்தது. வலது பெஞ்சுக்கு மாற்றினோம். அங்கே வயிற்றில் விழுந்தது. துண்டைச் சுருட்டி மூலையில் அடைத்தால் துண்டு நனைந்து அதிலிருந்து ஒழுகியது. கடைசியில் அக்கா பெஞ்சின் மேல் ஏறி, ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டாள். கிளினிக்கில் போடுகிற வெள்ளைக் கோட்டை இரண்டு கையாலும் விரித்துக் கூரை மாதிரிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அவள் கழுத்து வழியாக இறங்கிக் குதிகாலில் சொட்டியது. "அவ்வளவுதான், கரை வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்திருக்கவில்லை.

அந்தப் பெண் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து, "அக்கா, வலியைக்கூடப் பொறுத்துக்கலாம். இந்தச் சொட்டு இருக்கே… ஒரே இடத்துல விழுது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஏதோ அதிசயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிய கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். தச்சர் அழுதுகொண்டே அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தானுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அக்கா மட்டும் ஈரக் கோட்டோடு கிளினிக்குக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது அக்கா சொன்னாள்: "ஜன்னலை சரி பண்ணணும்."

"மழை விடட்டும். ஒரு டியூப் போட்டு விட்டுடறேன்."

"டியூப் வேணாங்க. கழட்டணும்."

அத்தானின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "கழட்டறதா? எங்கப்பா கட்டின படகும்மா அது. அன்னையிலேர்ந்து ஒரு சட்டத்தையும் யாரும் அசைச்சதில்ல. ஸ்க்ரூ உடைஞ்சா? ஓட்டை பெருசானா? படகு நின்னா ஊரே நிக்கும்."

"ஒவ்வொண்ணா கழட்டுவோம். ஞாயித்துக்கிழமை ஓட்டம் இல்லைல்ல, அன்னிக்கு மட்டும். வேலை முடியலைன்னா அந்த ஓட்டைக்குப் பலகை அடிச்சிட்டுத் திங்கக்கிழமை ஓட்டுங்க."

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. பல்லும் தெரியாமத்தான் போனேன்."

அத்தான் என்னைப் பார்த்தார், எந்தப் பக்கம் என்கிற மாதிரி. நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா வேலையில் இறங்கினாள். எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள்.

"அதான் தெரியுதே, மூலையில" என்றார் அத்தான்.

"அது வெளிய வர்ற இடம். உள்ள வர்ற இடம் எது?" என்றாள். "கீழ்ப்பல்லு வலிக்குதுன்னு கையை வெச்சுக் காட்டுவாங்க. படம் எடுத்துப் பாத்தா சொத்தை மேல்பல்லுல இருக்கும்."

உள்சுவரைத் துணியால் துடைத்துக் காய வைத்தாள். பள்ளியிலிருந்து துண்டுச் சாக்பீஸ்களை என்னைக் கொண்டுவரச் சொல்லி, அம்மியில் பொடித்து, ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் பஞ்சால் ஒற்றினாள். அத்தான் வெளியே ஹோஸ் பைப்போடு நின்றார். மேலிருந்து தண்ணீர் அடிக்கப் போனவரை அக்கா நிறுத்தினாள். கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே வர வேண்டும். மேலே அடித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், குற்றவாளி யாரென்று தெரியாது.

கீழ் ஓரத்தில் அடித்தார். பொடி வெள்ளையாகவே இருந்தது. பக்கவாட்டில் அடித்தார். ஒன்றுமில்லை. மேல் சட்டத்தின் ஸ்க்ரூக்களுக்குத் தண்ணீர் வந்ததும் வெள்ளைப் பொடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இறங்கியது. அதுவும் அடிக்கிற ஜன்னலில் இல்லை, பக்கத்து ஜன்னலின் மூலையில்! சுவருக்கும் உள்பலகைக்கும் நடுவில் தண்ணீர் ஓடிப்போய் அங்கே தலையை நீட்டுகிறது.

"வெளிய வாங்க, வந்து பாருங்க" என்று அக்கா கத்தினாள். அத்தான் வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். "உள்ளயா, வெளியவா?" என்று கேட்டுக்கொண்டே வந்து பார்த்தார். சாம்பல் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு கழற்றக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

முதல் சட்டம் வெளியே வந்தபோது உள்ளே இருந்த பழைய அடைப்பு, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சட்டத்தின் கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. உள்ளே போகிற கொஞ்சத் தண்ணீர் வெளியே வடிவதற்காகச் செய்த துளைகள். எல்லாவற்றையும் வெள்ளைச் சிலிக்கான் மூடியிருந்தது. அத்தான் ஒரு குச்சியை எடுத்து ஒரு துளையைக் குத்தினார். தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் அவர் காலில் கொட்டியது.

"அப்ப நான்தான் தண்ணியை உள்ள வெச்சுப் பூட்டியிருக்கேனா?" என்றார்.

வேறு யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அக்கா, "நல்ல வேளை, குச்சி உங்க கையில இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த துளையைக் காட்டினாள்.

இனி எதை வைத்து அடைப்பது? துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகுச் சாமான் விற்கிற ஒருவர் இருக்கிறார். கோந்துக்காரர் என்பார்கள். கடை முழுக்க டியூபுகள். வெள்ளை, கறுப்பு, சாம்பல். அவர் ஒரு தடித்த டியூபை எடுத்து மேஜையில் டக்கென்று வைத்தார்.

"இதுதான் ராஜா. ஒட்டினா ஒட்டினதுதான். யானை கட்டி இழுத்தாலும் வராது."

அத்தானுக்குப் பிடித்துவிட்டது. பையை விரித்துவிட்டார். அக்கா டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு ஜன்னல் உடைஞ்சா எப்படிக் கழட்டறது?"

"சுவரோட பேத்து எடுக்கணும்."

"வெயில்ல இருக்குமா?"

கோந்துக்காரர் தலையைச் சொறிந்தார். "தண்ணிக்கு அடியில காலத்துக்கும் இருக்கும். வெயில்னா… மேல பெயிண்ட் அடிக்கணும். வெடிச்சிடும்."

"அக்ரிலிக்ல பிடிக்குமா?"

"அக்ரிலிக்கா? நான் கண்ணாடின்னுல்ல நெனச்சேன்!" அவர் டியூபைத் தானே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நேர்மையான மனிதர். அதன் பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அக்காவிடம் அரை நாள் பேசினார். ஒன்று இரும்புக்கும் மரத்துக்கும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சில பிளாஸ்டிக்கை அரித்துவிடும். சிலிக்கான் பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகும், ஆனால் அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. இன்னொன்று பசையே இல்லை, கறுப்பு ரப்பர் நாடா, பியூட்டைல் டேப். காயவே காயாது. சூயிங்கம் போலக் கிடந்து, அழுத்துகிற பக்கமெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"இதுல எது நல்லது?" என்று அத்தான் கேட்டார்.

"எல்லாமே நல்லதுதான்" என்றார் கோந்துக்காரர். அத்தானுக்கு அழுகை வராத குறை.

அக்கா ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள். பழைய ஜன்னல் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதைத் துண்டு துண்டாக அறுத்து, அலுமினியப் பட்டைகளோடு சேர்த்து, ஒவ்வொரு ஜோடியையும் ஒவ்வொரு சாமானால் ஒட்டி, கிளினிக்கின் மொட்டை மாடியில் வெயிலில் அடுக்கினாள். சிலதைத் தண்ணீர் வாளியில் போட்டாள். மத்தியானம் டீ குடிக்கிற நேரத்தில் மாடிக்குப் போய் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். நோயாளிகள் கீழே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க, டாக்டரம்மாவும் மாடிக்கு வந்து கூட இழுப்பார் என்று கேள்வி.

கொஞ்ச நாளில் மாடி பேசத் தொடங்கியது. ஒரு டியூப், பூசிய இடத்தைச் சுற்றி அக்ரிலிக் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்களை விட்டிருந்தது. அதைப் படகில் போட்டிருந்தால் ஜன்னலே போயிருக்கும். கோந்துக்காரரின் ராஜா அலுமினியத்தை விடவே இல்லை, ஆனால் அக்ரிலிக்கிலிருந்து ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது. வினிகர் மாதிரிக் காடி வாடை அடிக்கிற சிலிக்கான் ஒன்று, பிடித்தது நன்றாகப் பிடித்தது. ஆனால் அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. அந்த வாடை இல்லாத இன்னொரு சிலிக்கான் இரண்டையும் பிடித்துக்கொண்டு, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கியது. கறுப்பு நாடா வெயிலிலும் வாளியிலும் கிடந்து ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

"ரெண்டு வேலைங்க இது" என்றாள் அக்கா வீட்டுக்கு வந்து. "சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஒண்ணு. அங்க ஸ்க்ரூ பிடிச்சுக்கும், சாமான் இடுக்கை நிரப்பினாப் போதும். அதுக்கு இந்த நாடா. நாளைக்குக் கழட்டணும்னாலும் கழட்டலாம். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவுல இன்னொண்ணு. பலகை வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். அதுகூடவே நீண்டு சுருங்கற சாமான் வேணும். அதுக்கு வாடையில்லாத சிலிக்கான். ஒரே சாமானால ரெண்டையும் பண்ணப் போனதுதான் தப்பு."

முதல் ஜன்னலை இரண்டு சாமானும் வைத்து அவளே பூட்டினாள். ஸ்க்ரூவை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள். பக்கமெல்லாம் சிலிக்கான் பிதுங்கி வழிந்தது. துடைத்துவிட்டாள். கண்ணாடி மாதிரி மின்னியது. அத்தான் படகில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டினார். "தொட்டுப் பாருங்க. எங்க வீட்டம்மா வேலை."

கோடை மழை ஒன்று பெய்தது. படகு நிறைய ஆள். காய்கறிக்காரம்மா நம்பிக்கையோடு அந்த ஜன்னலுக்குக் கீழே போய், கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், "பல்லக்கா, உன் புது ஜன்னலும் பழைய ஜன்னலுக்குச் சொந்தம்தான் போலிருக்கே" என்றார். பலகையின் மேல் ஓரத்திலிருந்து தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. படகே சிரித்தது.

அக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. சமாளிக்கவில்லை. "நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். நீங்க இந்தப் பக்கம் வாங்கம்மா" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஒழுக்கலுக்குக் கீழேயே உட்கார்ந்து கரை வரும்வரை தலையை நிமிர்த்தி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எனக்கு அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் வருவது அந்த முகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழற்றினாள். தப்பு தெரிந்தது. ஒன்று இல்லை, இரண்டு. முறுக்கின முறுக்கில் சிலிக்கான் முழுக்க வெளியே பிதுங்கிப் போய், நடுவில் வெங்காயத் தோல் மாதிரிதான் மிச்சம் இருந்தது. அத்தனை மெல்லிசு எப்படி நீளும்? பலகை வெயிலில் நீண்டதும் கிழிந்துவிட்டது. இரண்டாவது, சட்டத்தின் பள்ளத்தில் அத்தானின் பழைய சிலிக்கான் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் எதுவும் பிடிக்காது என்று கோந்துக்காரர் சொன்னதுதானே. ஆக, புதுசைப் போடுவதைவிடப் பழசை எடுப்பதுதான் பெரிய வேலை.

எடுப்பதென்றால் சுலபமா? கத்தி போட்டால் அக்ரிலிக்கில் கோடு விழும். தின்னர் போட்டால் கீறல் விடும். அத்தான் பொறுமை இழந்து, "எல்லா ஜன்னலுக்கும் இப்படிச் சுரண்டினா நமக்குப் பேரன் பேத்தி வந்துடும்" என்றார்.

திங்கட்கிழமை அக்கா நடந்ததை டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறையில் டாக்டரம்மாவே வந்து நின்றார். கையில் ஒரு பெட்டி. கிளினிக்கில் ஒதுக்கிப் போட்ட பழைய சாமான்கள், வளைந்த கொக்கி, மழுங்கின சுரண்டி, குச்சி முனையில் சின்ன வட்டக் கண்ணாடி.

"என்னம்மா, பேஷன்ட் எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கழற்றி வைத்த சட்டத்தின் மூலையைக் கண்ணாடியால் பார்த்தார். "அடப் பாவமே. பல்லே தேய்க்காத வாய் இது" என்று சொல்லிவிட்டு அத்தானை ஒரு பார்வை பார்த்தார். அத்தான் இன்ஜின் பக்கம் ஏதோ வேலை இருப்பது போல நகர்ந்தார்.

அன்றைக்கு முழுக்க இரண்டு பெண்களும் எதிரெதிரே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் துணி விரித்து, சட்டத்தின் பள்ளங்களைச் சுரண்டினார்கள். அக்காவுக்குத் தெரிந்த வேலைதான். சுத்தம் பண்ணு, உலர்த்து, எச்சில் படாமல் பார்த்துக்கொள், பிறகு அடை. "இவ இல்லைன்னா என் ஃபில்லிங் எதுவும் நிக்காது" என்றார் டாக்டரம்மா என்னிடம். "அவசரப்பட்டா, இருங்க டாக்டர், இன்னும் ஈரம் இருக்குன்னு என் கையைத் தள்ளி விடுவா. என் கையை!" அலுமினியத்தை அவர்கள் ஒன்றுக்குப் பலமுறை துடைத்தார்கள், அக்ரிலிக்கைச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர வேறு எதுவும் தொடவில்லை.

இந்த முறை பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளை வைத்தாள், சிலிக்கானுக்கு இருக்க இடம் வேண்டும் என்று. ஸ்க்ரூவை விரல் பலத்தில் மட்டும் பிடித்து நிறுத்திவிட்டு, அது காய்கிற வரை யாரையும் தொட விடவில்லை. கறுப்பு நாடாவுக்கு வேறு பக்குவம்: இன்றைக்குக் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று முறுக்க வேண்டும், அது நிதானமாகப் பரவி எல்லாச் சந்திலும் உட்காரும். படகு கிளம்புவதற்கு முன்னால் அத்தான் கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஜன்னல் ஜன்னலாகப் போய் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கால் சுற்று திருப்புவார். பயணிகள் ஏறியும் அவர் நகர மாட்டார். "இருங்க, கால் சுற்று பாக்கி" என்பார்.

ஒழுகிய இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிறு, கழற்றிச் சுரண்ட ஒன்று, பூட்ட ஒன்று என்று கோடை முழுக்கப் போனது. பலகை அடித்த ஓட்டையோடு படகு ஓடியதைப் பார்த்து, "சுக்கான் படகுக்குப் பல்லு விழுந்திருக்கு" என்றார்கள். விழுந்த பல் ஒவ்வொன்றாக முளைத்தது. தச்சர் ஒருநாள் வந்து, கேட்காமலே உள்பலகைகளில் ஊறிப் போனதை எடுத்துவிட்டுப் புதுசு போட்டுக் கொடுத்தார். கூலிப் பேச்சை எடுத்த அத்தானை முறைத்தார்.

அப்புறம் மழைக்காலம் வந்தது.

சாயங்காலப் படகு. பள்ளி விட்டு நான், கிளினிக் முடிந்து அக்கா, சந்தை முடிந்து பாதி ஊர். நடு ஆற்றில் பிடித்துக்கொண்டது. கூரையில் கொட்டின சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. பழக்க தோஷம், எல்லாரும் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, முதுகை ஜன்னலிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். தபால்காரர் பையின் மேல் குப்புறப் படுத்துவிட்டார். குடைகள் விரிந்தன. அக்கா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, பார்வையாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் நிமிர்ந்தவர் தபால்காரர். மேலே பார்த்தார். கையை நீட்டிப் பார்த்தார். பக்கத்துக் குடை மடங்கியது. அதற்குப் பக்கத்துக் குடை. காய்கறிக்காரம்மா பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, தலையை ஜன்னலில் முட்டுக்கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் பாராட்டு அதுதான். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

அத்தான் அன்றைக்கு ஒரு காரியம் செய்தார். சுக்கானிலிருந்து ஒரு கையை எடுத்தார். பக்கத்து ஜன்னலின் கீழ் ஓரம் முழுக்க உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு திரும்பி, அந்தக் கையை விரித்து அக்காவிடம் காட்டினார். உலர்ந்த கை.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, "முன்னாடி பாத்து ஓட்டுங்க" என்று அதட்டினாள்.

இது நடந்து சில மழைக்காலம் போய்விட்டது. மற்ற துறைகளின் படகுக்காரர்கள் அக்காவைக் கூட்டிப் போய்த் தங்கள் ஜன்னலைக் காட்டுவதுண்டு. எந்த டியூப் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். முதலில் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பாள். கோந்துக்காரர் இப்போது யாருக்கும் ராஜாவை எடுத்து நீட்டுவதில்லை, "உங்க ஜன்னல் என்ன கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். அத்தானைக் கேட்டால் பியூட்டைல் டேப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அவரே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். அக்கா குறுக்கே பேசுவதில்லை.

குளிர் காலத்தில் காலைப் படகு நிரம்பி வழியும். கதவை அடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லா ஜன்னலிலும் உள்பக்கம் முத்து முத்தாக நீர் பூத்து வழியத் தொடங்கும். போன வாரம்கூட ஒருவர் வெற்றிக் களிப்போடு கூவினார்: "பல்லக்கா, ஒழுகுது! ஒழுகுது!"

அக்கா எழுந்திருக்கவே இல்லை. கையில் இருந்த பேப்பரைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"அது மழை இல்ல, உங்க மூச்சு. கொஞ்சம் பேசாம வாங்க, காஞ்சிடும்."